எங்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் வணக்கம்.

சேரன்மகாதேவிப் பக்கத்தில் உள்ள எங்கள் தொடக்கப்பள்ளியில் ஒன்றும் இரண்டும் ஒரே அறையில்தான் நடக்கிறது. ஆண்டு முடியப் போகிறது. பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பொத்தாம்பொதுவாக நன்றி சொன்னால் அது யாருக்கும் போய்ச் சேராது. அதனால் எழுதியே விடுகிறேன்.

முதலில் பாய் நெய்யும் பத்தமடைப் பெரியம்மாவுக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் வகுப்புக்குள் தண்ணீர் ஏறி, பிள்ளைகள் உட்காரும் பாயும் படக்கதைப் புத்தகங்களும் வீணாய்ப் போயின. அதன்பின் வெறுந்தரைதான். "கல்யாணப் பாயில மாப்பிள்ளை, பொண்ணு பேரு நெய்யுதோம். பிள்ளையளுக்கு அ, ஆ நெய்ய மாட்டமா?" என்று கேட்டு, உயிரெழுத்து 12ஐயும் கோரையில் போட்டுக் கொண்டுவந்தீர்கள். காசைப் பற்றிப் பேசவே விடவில்லை.

பாயை விரித்த அன்று இரண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் குப்புறப் படுத்து, விரலால் 'ஒ'வைத் தடவிக்கொண்டே, "டீச்சர், இது வளையவே மாட்டேங்கு. படிக்கட்டு கணக்கால்லா போவுது!" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த புதன்கிழமை நீங்களே வந்து, பாவு நூலையும் நாலு கோரையையும் வைத்து, குறுக்கே போகும் ஊடும் நெடுக்கே போகும் பாவும் நேராகத்தான் போகும், வளைவை ஒவ்வொரு கட்டமாகத்தான் ஏற்ற முடியும் என்று காட்டினீர்கள். அன்றிலிருந்து கட்டம் போட்ட நோட்டில் எழுத்தை 'நெய்வது' எங்கள் புதன்கிழமை வேலை ஆனது. எந்த எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று எண்ணுவதில் தமிழும் கணக்கும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. பயிற்சித்தாளில் நூறு தரம் எழுதச் சொன்னாலும் இந்த அக்கறை வராது என்பேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை கதை சொல்ல வரும் ஆச்சிக்கு அடுத்த நன்றி. நீங்கள் சொல்லும் நரிக் கதையைத் திங்கட்கிழமை பிள்ளைகள் தங்கள் வாயால் திருப்பிச் சொல்வார்கள். அதை அவர்கள் பேச்சிலேயே சார்ட்டில் எழுதித் தொங்கவிடுவேன். அடுத்த சொல் என்னவென்று பிள்ளைக்கு முன்பே தெரியும். அது எங்கே இருக்கிறது என்று கண் தேடும். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 'அரும்பு' என்கிற தொடக்க நிலையில் நின்றிருந்த பிள்ளைகளில் சிலர் அடுத்த நிலையான 'மொட்டு'க்கு வந்தது இப்படித்தான். கதையின் முடிவை வாரத்துக்கு ஒரு விதமாக மாற்றிச் சொல்கிறீர்கள் என்று புகார் வந்திருக்கிறது. மாற்றிக்கொண்டே இருங்கள் ஆச்சி. சார்ட்டில் இருப்பது தப்பு என்று சண்டை போடவாவது அவர்கள் ஊன்றி வாசிக்கிறார்கள்.

காலை உணவு சமைக்கும் மகளிர் குழுச் சகோதரிகளுக்கு: முதல் பிரிவேளையில் சுருண்டு படுத்த பிள்ளைகள் இப்போது பாட்டுக்குக் கை தட்டுகிறார்கள். காலை உணவுக்குப் பொங்கல் போடும் நாளில் வருகைப் பதிவேட்டைப் பார்க்கவே வேண்டியதில்லை.

பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒரு சாக்குப் புளியமுத்து தந்தார். பத்துப் பத்தாகக் குவித்துக் கூட்டல் கழித்தல் போடுகிறோம். (மூக்கில் ஒன்று போய்விடுமோ என்ற பயத்தில் எனக்குத்தான் கண் அசையாது.) சிக்னல் கிடைக்காத நாட்களில் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்ற உதவிய இ-சேவை மையத் தம்பிக்கும், பெருக்கித் துடைத்துப் பூட்டும் அக்காவுக்கும் நன்றி.

பீடி சுற்றும் அம்மாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இலையும் தட்டும் மடியில் இருக்க, கை நிற்காமலேயே பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கிறீர்கள். "எனக்கு எழுத்து தெரியாதே டீச்சர்" என்று தயங்கியவர்களும் கேட்கிறீர்கள். பிள்ளைக்குக் கேட்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆண்டு விழா அன்று பாய், நோட்டு, சார்ட் எல்லாம் வராண்டாவில் இருக்கும். கூலி நாளாக இருந்தாலும் ஒரு எட்டு வந்து பாருங்கள். ஆச்சி, உங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கும். நரிக் கதையை இந்தத் தடவை பிள்ளைகள் சொல்வார்கள். நடுவில் புகுந்து திருத்தக் கூடாது.

அன்புடன்,
ஒன்று, இரண்டாம் வகுப்பு டீச்சர்