கையெழுத்துப் போடுவதற்கு முன்

கண்ணு,

மாப்பிள்ளையும் சேர்ந்து படிக்கட்டும். வயிற்றிலேயே இறந்து பிறந்த பிள்ளைக்குப் போஸ்ட்மார்ட்டம் செய்ய ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவம் நீட்டினார்கள் என்றும், "பிள்ளையை அறுக்க விடமாட்டேன்" என்றும் சொன்னாய். அதில் தப்பே இல்லை. ஆனால் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்.

இங்கே நம் ஊரில் போலீஸ் கேஸுக்குச் செய்யும் போஸ்ட்மார்ட்டம் வேறு. இங்கிலாந்தில் இதற்கென்றே படித்த குழந்தை நோயியல் டாக்டர் பார்ப்பார். அவர் உங்கள் ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் வேறு ஊருக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவார்கள். உனக்குச் செலவில்லை.

முதலில் எடை, நீளம், தலைச்சுற்றளவு, பாதத்தின் நீளம், எக்ஸ்ரே. பிறகு நெஞ்சிலிருந்து அடிவயிறுவரை ஒரு கீறல், தலைக்குப் பின்பக்கம் ஒன்று. உறுப்புகளைப் பார்த்து, எடைபோட்டு, உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். முகத்தில் கத்தி படாது. சட்டையும் குல்லாவும் போட்டால் தையல் தெரியாது. மூளை ரொம்ப மிருது, சில நாள் பதப்படுத்தித்தான் பார்க்கவேண்டி வரலாம். அடக்கத்துக்கு முன் அது திரும்பி வருமா என்று கேட்டுவிடு. புதைப்பது சில நாள் தள்ளிப்போனால் ஒரு குறையும் இல்லை. அடக்கத் தேதியைப் படிவத்திலேயே எழுதச் சொல்.

வெளியிலிருந்து பார்ப்பதோ, ஸ்கேன் எடுப்பதோ, ஒரு பாகத்தை மட்டும் பார்ப்பதோகூடப் போதும் என்று நீ சொல்லலாம். என்னைக் கேட்டால் முழுசாகவே செய்யச் சொல்வேன். மூளையின் எடையையும் கல்லீரலின் எடையையும் ஒப்பிட்டால், பிள்ளைக்கு உள்ளே ஊட்டம் போதாமல் இருந்ததா என்பது பிடிபடும். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம் என்று யாராவது சொன்னால் அதோடு நிறுத்திவிடாதே. நல்லபடியாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அது சுற்றியிருக்கும். பப்பாளி சாப்பிட்டாளா, கிரகணத்தில் வெளியே போனாளா என்று ஊரிலிருந்து போன் வந்தால் எடுக்கவே எடுக்காதே.

எதற்கும் மனசு வரவில்லையென்றாலும் நஞ்சுக்கொடியை மட்டுமாவது கொடுத்துவிடு. அடுத்த பிள்ளைக்கும் வரக்கூடிய சில கோளாறுகள் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். அதைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போடுவதற்கு முன்பே மரபணுச் சோதனைக்கு ஒரு துண்டு எடுத்தாயிற்றா என்று மிட்வைஃபிடம் கேள். ஃபார்மலினில் ஊறிவிட்டால், குரோமோசோம் பார்ப்பதற்கு அதிலிருந்து செல் வளர்க்க முடியாது. பிள்ளையை ஃப்ரிட்ஜ் குளிரில்தான் வைக்கவேண்டும், உறையவிடக் கூடாது. குளிரூட்டும் தொட்டில் கேட்டு வாங்கி, உன் பக்கத்திலேயே வைத்துக்கொள். வேண்டிய மட்டும் தூக்கிக்கொள்ளலாம்.

உறுப்புகளிலிருந்து எடுத்த சின்னத் துணுக்குகளை என்ன செய்வது என்று படிவத்தில் தனியாகக் கேட்டிருக்கும். பதிவோடு வைத்திருக்கச் சொல், பின்னால் புதுச் சோதனை வந்தால் உதவும். கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறினால் எதற்குள் சொல்லவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

ரிப்போர்ட் வரப் பல வாரம் ஆகும். காரணம் தெரியவில்லை என்றும் வரலாம். அப்போதும் குரோமோசோம் கோளாறு இல்லை, தொற்று இல்லை என்று தெரிவது அடுத்த தடவை டாக்டருக்குப் பெரிய விஷயம். உன் ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, உறைதல் சோதனையெல்லாம் எடுத்தார்களா என்று பார். உறைதல் சோதனையில் ஏதாவது தெரிந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும். முடிவைத் தபாலில் அனுப்பவேண்டாம், கன்சல்டன்ட், அதாவது பெரிய டாக்டர், நேரில் உட்காரவைத்துச் சொல்லட்டும் என்று இப்போதே கேட்டுவை. மாப்பிள்ளையும் கூட வரட்டும்.

அம்மா