கட்டடங்களைத் தமிழில் விளக்கத் தொண்டூழியர்கள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் தேசிய கலைக்கூடத்தில் மூன்று ஆண்டுகளாகத் தொண்டூழிய வழிகாட்டியாக இருந்துவருகிறேன். 1929இல் கட்டி முடிக்கப்பட்ட நகர மண்டபம், 1939இல் திறக்கப்பட்ட பழைய உச்ச நீதிமன்றம் ஆகிய இரண்டையும் இணைத்து 2015இல் உருவான இக்கலைக்கூடத்தில், ஓவியங்களை விளக்குவோர் பலர் இருக்கின்றனர். அவ்வோவியங்களுக்கு இடந்தந்து நிற்கும் கட்டடங்களைச் சுற்றிக் காட்டுவது என் பணி. நான் ஆங்கிலத்தில்தான் விளக்குகிறேன். ஆயினும் பேரப்பிள்ளைகளுடன் வரும் தமிழ் மூத்தோர் சற்று ஒதுங்கி நிற்பதைக் காணும்போதெல்லாம் அவர்களிடம் சென்று தமிழிலும் சொல்லிவருகிறேன். அந்த அனுபவமே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

நகர மண்டபத்தின் முகப்பில் வரிசையாக நிற்கும், கிரேக்க மரபைச் சேர்ந்த கொரிந்தியத் தூண்களைப் பார்ப்பவர்கள் அவை கருங்கல்லால் ஆனவை என்றே எண்ணுவார்கள். உண்மையில் அது ‘ஷாங்காய் பூச்சு’ எனப்படும், சிமெண்டுடன் கல் துகள்களைக் கலந்து கல்லைப்போலத் தோன்றச் செய்யும் பூச்சு. சென்ற ஆண்டு என் குழுவில் வந்திருந்த பெரியவர் ஒருவர், நான் வாய் திறப்பதற்கு முன்பே தூணை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, “இது கல் இல்லை தம்பி, பூச்சு வேலை” என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டுமானத் தளங்களில் கொத்தனாராக இருந்தவராம். கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், எப்போது கழுவினால் துகள்கள் வெளித்தெரியும் என்று அவர் விளக்கத் தொடங்கியதும், குழுவிலிருந்த இளைஞர்கள் என்னை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் மொழிபெயர்ப்பாளனாக நின்றேன். நான் பயிற்சி வகுப்பில் கற்ற எதையும்விட அன்று கற்றது அதிகம்.

தமிழில் சொல்வதால் வேறொரு நன்மையும் உண்டு. கொரிந்தியத் தூணின் உச்சியில் இலைக்கொத்து இருக்கும் இடத்தைக் காட்டி, நம் கோயில் தூண்களில் அதே இடத்தில் குடம், பலகை, உத்தரத்தைத் தாங்கும் போதிகை என்று உறுப்புகள் அடுக்கடுக்காக அமைவதை நினைவூட்டினால், இரு மரபுகளும் பாரத்தைத் தூணின் மேல் இறக்கும் விதம் கோயிலுக்குச் செல்லும் எவருக்கும் நொடியில் விளங்கிவிடுகிறது.

கூப்பிடு தூரத்தில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட அத்தேவாலயத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய நீருடன் சேர்த்து அரைத்துப் பூசிப் பளபளப்பாக்கிய அந்த வேலைக்கு இன்றும் ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்றே பெயர். இவ்வளவு நெருங்கிய தொடர்பை நம் பிள்ளைகள் பலர் அறியாதிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஜப்பானியர் நகர மண்டபத்தில் சரணடைந்த நாள் 1945 செப்டம்பர் 12 என்பது பாடநூலிலேயே இருக்கிறது. பழைய நீதிமன்றத்தின் அடிக்கல்லின் கீழ் 1937இல் புதைக்கப்பட்ட செய்தித்தாள்களையும் நாணயங்களையும் 3000ஆம் ஆண்டுவரை திறக்கக்கூடாது என்ற செய்தி, சிறுவர்களின் கண்களை அகல விரியச் செய்கிறது. இவற்றை எவரும் படித்துச் சொல்லிவிடலாம். சுவரைத் தட்டிப் பார்த்து அதன் தன்மையைச் சொல்லக்கூடியவர்கள்தாம் அரிது. கட்டுமானத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்கள், வரைவாளர்கள், தச்சர்கள், கொத்தனார்கள் நம் சமூகத்தில் கணிசமாக இருக்கின்றனர். ஆங்கிலம் சரளமாக வராது என்ற தயக்கமே அவர்களைத் தடுக்கிறது என நினைக்கிறேன். ஆங்கிலம் அறிந்த இளையர் ஒருவரும் அனுபவமுள்ள மூத்தவர் ஒருவரும் இணைந்து வழிநடத்தினால் அத்தயக்கத்திற்கு இடமிருக்காது. முன்கூட்டியே பயிற்சியும் தேவைப்படும், வார இறுதியில் சில மணி நேரமும் ஒதுக்க வேண்டும். அதற்கு மேல் பெரிய சுமை ஏதும் இல்லை.

தங்கள் நாளிதழும் ஓர் உதவி செய்ய வேண்டுகிறேன். கவிமாடம், உத்தரம், போதிகை, தாழ்வாரம் முதலிய கட்டடக்கலைச் சொற்களை, இந்நகரில் நாம் அன்றாடம் கடந்துபோகும் கட்டடங்களின் படங்களோடு வாரம் ஒன்றாக வெளியிட்டால், எங்களைப் போன்ற வழிகாட்டிகள் அவற்றைக் கத்தரித்து வைத்துக்கொண்டு பயன்படுத்துவோம்.

இப்படிக்கு,
தொண்டூழிய வழிகாட்டி ஒருவர்,
தோ பாயோ