ஊசி போடும் முன் ஒருமுறை பாருங்கள்: அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர்களுக்கும் மாவட்ட இணை இயக்குநர்களுக்கும் வணக்கம்.

உடம்பெல்லாம் தடித்து, சொறிந்தபடி ராத்திரியில் கேஷுவாலிட்டிக்கு வருபவருக்கு என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே 'காணாக்கடி' என்று முடிவாகிவிடும். அரிப்பை அடக்கும் ஊசியான ஒரு அவில், கூடவே ஸ்டீராய்டு ஊசியான ஒரு டெக்ஸா அல்லது ஹைட்ரோகார்ட்டிசோன், பெஞ்சில் பத்து நிமிடம். தடிப்பு மங்கத் தொடங்கியதும் "வீட்டுக்குப் போகலாம்". ரத்த அழுத்தம் எவ்வளவு, மூச்சு எப்படி, எந்த மாத்திரைக்குப் பிறகு இது வந்தது என்று சீட்டில் ஒரு வரி இருக்காது. பார்க்க வேண்டியதைப் பார்ப்பதற்குப் பதிலாக ஊசி போடுவது நம் வழக்கமாகிவிட்டது.

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். தடிப்போடு வருபவரை எப்படிப் பார்ப்பது, என்ன கொடுப்பது, என்ன எழுதி அனுப்புவது என்று ஒரே பக்கத்தில் ஓர் எழுத்துபூர்வ நடைமுறை வேண்டும். ஒவ்வொரு கேஷுவாலிட்டியின் சுவரிலும் அது இருக்க வேண்டும்.

தடிப்பு தோலோடு நின்றால் அது தொல்லை. தோலைத் தாண்டினால் அது அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. இரண்டும் வாசலில் ஒரே மாதிரிதான் இருக்கும். குரல் கம்மியிருக்கிறதா, நாக்கு வீங்கியிருக்கிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, நெஞ்சில் வீசிங் கேட்கிறதா, ஆக்சிஜன் அளவு எவ்வளவு, நாடியும் ரத்த அழுத்தமும் எப்படி, மயக்கம் வந்ததா, திரும்பத் திரும்ப வாந்தியோ வயிற்றுவலியோ உண்டா. இவ்வளவையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வயிற்றைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். குளவி கொட்டியோ ஊசி போட்டோ கொஞ்ச நேரத்தில் தடிப்போடு வாந்தி எடுப்பவரை 'பித்தம்' என்று படுக்கவைப்பது ஆபத்து.

அவிலின் ஆபத்தும் இங்கேதான். அரிப்பையும் தடிப்பையும் அது குறைக்கும். சுருங்கும் மூச்சுக்குழலை விரிக்காது, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. ஸ்டீராய்டு வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும். தோல் வெளுத்ததும் நோயாளிக்கும் நமக்கும் நிம்மதி வருகிறது. அனாஃபிலாக்சிஸில் உயிரைக் காக்கும் மருந்து அட்ரினலின்தான். அந்த நிம்மதியில் அதைப் போட வேண்டிய நிமிடங்கள் கடந்துபோகின்றன. பிரிட்டனின் புத்துயிர்ப்புக் கவுன்சில் (Resuscitation Council UK) 2021-இல் திருத்திய வழிகாட்டுதலில், அனாஃபிலாக்சிஸின் முதல்கட்ட சிகிச்சையிலிருந்து அவில் வகை மருந்துகளை எடுத்துவிட்டது. ஸ்டீராய்டையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. நம் எமர்ஜென்சி ட்ரேயில் இன்னும் முன்வரிசையில் இருப்பவை இவை இரண்டும்தான்.

அட்ரினலின் மீதான பயத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 'ஹார்ட்டுக்கு ஆகாது' என்ற பேச்சு பெரும்பாலும் நரம்பு வழியாக வேகமாகப் போட்டதால் வந்த கேடுகளிலிருந்து பிறந்தது. தொடைத் தசையில் சரியான அளவில் போடும்போது, அனாஃபிலாக்சிஸ் வந்தவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்ற நிலை எதுவும் இல்லை. 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்ப்யூலிலிருந்து (கண்ணாடி மருந்துக் குப்பி) பெரியவருக்கு அரை மில்லி, தொடையின் நடுவில் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்கு எடை கிலோவுக்கு 0.01 மில்லி: 10 கிலோவுக்கு 0.1, 20 கிலோவுக்கு 0.2. ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் மறுபடியும். இன்சுலின் சிரிஞ்சில் போடாதீர்கள். அதன் குட்டை ஊசி தசைவரை போகாது. குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், தொடைத் தசையில் போட்ட மருந்து சுமார் 8 நிமிடத்தில் ரத்தத்தில் உச்சத்தை எட்டியது. கையில் தோலுக்கடியில் போட்டதற்கு 34 நிமிடம் ஆனது. 1 மில்லி சிரிஞ்சும் 23 கேஜ் ஊசியும் ஆம்ப்யூலோடு ஒரே கவரில் இருந்தால் இந்தத் தவறே நடக்காது. நோயாளியைப் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, ஆக்சிஜனும் ட்ரிப்ஸும் தொடங்க வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்கவிடக் கூடாது. எக்ஸ்ரேவுக்கு நடத்திக் கூட்டிப்போவதுகூடத் தவறு.

தயவுசெய்து அந்த ஆம்ப்யூலைப் பூட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். சாவி வைத்திருப்பவரைத் தேடும் நேரம் நோயாளியின் நேரம். வெயில்படும் சன்னலோரமும் வேண்டாம், மருந்து பழுப்பு நிறமானால் எறிந்துவிடுங்கள்.

இனி, வெறும் தடிப்பு மட்டும் உள்ளவர்கள். வருபவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். இவர்களுக்கு ஊசியே தேவையில்லை. அரிப்பை அடக்கும் மாத்திரையான செட்டிரிசின் 10 மில்லிகிராம் அல்லது லெவோசெட்டிரிசின் 5 மில்லிகிராம், ஒன்று போதும். வேலை செய்ய ஒரு மணி நேரம் வரை ஆகலாம் என்று சொல்லிவிட்டால் காத்திருப்பார்கள். அவில் வந்த வேகத்தில் தூக்கத்தைக் கொண்டுவருகிறது. ஊசி போட்ட கையோடு இருசக்கர வண்டியில் வீடு திரும்புபவர்களை நாம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். சர்க்கரை நோயாளிக்கு டெக்ஸா போட்டால் மறுநாள் சர்க்கரை ஏறும். இந்தச் சிரமத்துக்கு ஈடாகப் பலன் உண்டா? லெவோசெட்டிரிசினோடு நான்கு நாள் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த, 2018-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், அரிப்பு தீர்வதில் ஸ்டீராய்டால் கூடுதல் நன்மை தெரியவில்லை. மாத்திரைக்கு அடங்காத கடும் தடிப்புக்குச் சில நாள் ஸ்டீராய்டு கொடுக்கலாம். அது எல்லோருக்கும் போடும் ஊசியாகக் கூடாது.

எங்களை அதிகம் வருத்துவது அடுத்த நாள்தான். ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் மறைந்து வேறிடத்தில் கிளம்பும். இந்த நோய் சில நாள், சில வாரம், அதிகபட்சம் ஆறு வாரம் வரை இப்படி வந்துபோவது இயல்பு. ஊசியின் வேலையோ சில மணி நேரம். கையில் மாத்திரை இல்லாமல், இது திரும்ப வரும் என்று யாரும் சொல்லாமல் வீட்டுக்குப் போனவர் விடியும்போது மறுபடி தடித்து எழுகிறார். ஊசி கேட்கவில்லை, விஷம் ஏறிவிட்டது என்று பயந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திரும்ப வரிசையில் நிற்கிறார். மறுபடி அதே ஊசி. மூன்றாம் நாள் தனியாரிடம் போய், இருக்கிற பணத்தை அலர்ஜிப் பரிசோதனைகளுக்குக் கொடுக்கிறார். திடீர்த் தடிப்பில் பலருக்குக் காரணம் சளி, காய்ச்சல் தரும் வைரஸ்தான். பலருக்குக் காரணமே பிடிபடாது. ஐந்து நாள் செட்டிரிசினும் இரண்டு நிமிடப் பேச்சும் இவ்வளவையும் தடுத்திருக்கும்.

பேச்சு என்றதும் சீட்டு நினைவுக்கு வருகிறது. டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசிக்குப் பிறகு தடித்தவரின் சீட்டிலும் 'அலர்ஜி' என்று மட்டும் எழுதி அனுப்புகிறோம். அடுத்த முறை முதுகுவலிக்கு வேறொரு இடத்தில் அதே ஊசியைப் போட்டுக்கொள்ள நாமே வழி செய்து கொடுக்கிறோம். மருந்தின் பெயரைத் தமிழில், பெரிய எழுத்தில், 'இதை இனி போடக் கூடாது' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவரின் கையில் ஓ.டி. (ஒரு வேளை), பி.டி. (இரு வேளை), எஸ்.ஓ.எஸ். (தேவைப்பட்டால்) என்று ஆங்கிலச் சுருக்கெழுத்தைத் திணிப்பது எத்தனை ஆண்டாகத் தொடர்கிறது? படுக்கை இல்லை, ஆள் இல்லை, ராத்திரியில் ஒரே ட்யூட்டி டாக்டர் என்பதெல்லாம் உண்மை. அந்த நெருக்கடியை நாங்களும் அன்றாடம் சுமக்கிறோம். ஆனால் ஒரு வரி எழுத அது தடையாகாது.

கோபத்தில் விஷயத்தைவிட்டு விலகியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். இன்னொன்றையும் அந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். அரிப்பும் தடிப்பும் இல்லாமல் உதடோ நாக்கோ மட்டும் வீங்கி வருபவரிடம், எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் அவிலும் டெக்ஸாவும் அங்கே பெரிதாக உதவாது. அந்த மாத்திரையை நிறுத்தி, மூச்சுக்குழாயைக் காக்க ஆளை அழைக்க வேண்டும்.

ஆகவே எங்கள் வேண்டுகோளைத் திரும்பவும் வைக்கிறோம். அந்த ஒரு பக்க நடைமுறைக்கு ஆணையிடுங்கள். சிரிஞ்சோடு சேர்த்துக் கட்டிய அட்ரினலின் ட்ரேயின் முன்வரிசையில் இருக்கட்டும். ராத்திரியிலும் கேஷுவாலிட்டியிலேயே செட்டிரிசின் கிடைக்கட்டும். அட்ரினலின் போட்டவரை, நன்றாகத் தேறிவிட்டாலும், குறைந்தது ஆறு மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருக்கப் படுக்கை ஒதுக்குங்கள். வரைவு எழுத ஆள் வேண்டுமென்றால் எங்கள் பணி நேரத்துக்கு வெளியே வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

பணிவுடன்,
அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களும் செவிலியர்களும்