நீர் மூலக்கூறின் வளைவும் நம் கிணறுகளின் ஃபுளோரைடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீர் மூலக்கூறை வரையச் சொன்னால், பிளஸ் ஒன் மாணவர்களில் பலர் நடுவில் ஆக்சிஜனையும் இருபுறமும் ஹைட்ரஜனையும் ஒரே நேர்கோட்டில் வரைந்துவிடுகிறார்கள். விடைத்தாளில் அது அரை மதிப்பெண் பிழைதான். ஆயினும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேதியியல் கற்பிக்கும் நாங்கள் அதைச் சிறு பிழையாகக் கருதக் கூடாது. கிணற்று நீரில் மிகுந்துள்ள ஃபுளோரைடால் இப்பகுதிப் பிள்ளைகளின் முன்பற்களில் குறுக்கே படிந்திருக்கும் பழுப்புக் கறைக்கும் அந்த மூலக்கூறின் வடிவத்துக்கும் தொடர்பு உண்டு.

ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் உள்ள ஆறு எலக்ட்ரான்களில் இரண்டு, ஹைட்ரஜன்களோடு பிணைப்பில் ஈடுபடுகின்றன. எஞ்சிய நான்கும் இரண்டு தனித்த இணைகளாக நின்று பிணைப்புகளை நெருக்கித் தள்ளுவதால், மூலக்கூறு 104.5 பாகைக் கோணத்தில் வளைகிறது. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன்பக்கம் அதிகமாக இழுப்பதால் அப்பக்கம் சிறிது எதிர்மின் சுமையும், ஹைட்ரஜன் முனைகளில் சிறிது நேர்மின் சுமையும் தோன்றுகின்றன. மூலக்கூறு நேர்கோடாக இருந்திருந்தால், கார்பன் டை ஆக்சைடில் நடப்பதைப் போல, எதிரெதிரான இரு இழுப்புகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து, பிணைப்புகளில் முனைவு (மின்சுமைப் பிரிவு) இருந்தும் மூலக்கூறு முனைவற்றதாகியிருக்கும். வளைந்திருப்பதாலேயே அவை கூடி, 1.85 டிபை அலகு அளவுள்ள இருமுனைத் திருப்புத்திறனை, அதாவது முனைவின் அளவை, நீருக்குத் தருகின்றன.

நம் நிலத்தடியில் இருப்பவை கிரானைட்டும் நைஸ் பாறையும். அவற்றில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரின் அடங்கியுள்ளது. பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அக்கனிமங்களைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. வெளிப்படும் ஃபுளோரைடு அயனியை நீர் மூலக்கூறுகள் தம் ஹைட்ரஜன் முனைகளால் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. ஃபுளோரைடு மிகச் சிறிய அயனி என்பதால் அந்தப் பிடி வலுவானது.

எனவேதான், கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்று பலர் நம்புவது எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது. கொதிக்கும்போது கிருமிகள் மடியும்; ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே, ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கி, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கேழ்வரகுக் களி கிண்டும்போது உலைநீர் மாவிலேயே சுவறிவிடுவதால் அதிலுள்ள ஃபுளோரைடும் களியோடு உள்ளே போகிறது. வடிக்காமல் குக்கரில் பொங்கும் சோற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே குடிப்பதற்கு மட்டும் நல்ல நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சமையலுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரை எடுப்பது பாதித் தீர்வுகூட ஆகாது.

2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இவ்விரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவந்தது பெரும் பேறு. ஆனால் குழாயில் நீர் வராத நாட்களில் மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றையே நாடுகிறார்கள். இந்திய தர நிர்ணய அமைவனம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடையே ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் ஆதாரம் இல்லாத நிலையில் 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வகுத்துள்ளது. தம் ஊர்க் கிணற்று நீரில் அது எவ்வளவு என்பதை அறிய மக்களுக்கு வழி வேண்டும். ஒவ்வொரு ஊராட்சியும் பரிசோதனை முடிவைத் தேதியுடன் மேல்நிலைத் தொட்டியின் சுவரில் எழுதி வைக்கவும், மேல்நிலைப் பள்ளிகளில் நீரின் வடிவம் பற்றிய பாடத்தை அந்த எண்ணை முன்வைத்தே நடத்தவும் மாவட்ட நிர்வாகங்கள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.