மரைன் வேறு, கடற்படை வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் ‘அமெரிக்கக் கடற்படை வீரர்கள் 2,200 பேர் மூன்று கப்பல்களில் புறப்பட்டனர்’ என்று போட்டிருந்தீர்கள். அந்த 2,200 பேரும் மரைன்கள், அதாவது கப்பலில் போய்க் கரையிறங்கிச் சண்டை போடும் தனிப்படைக்காரர்கள். கடற்படைக்காரர்கள் அந்தக் கப்பல்களை ஓட்டிக்கொண்டு போனவர்கள். பஸ்ஸில் ஏறியவரையும் டிரைவர் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

எங்கள் ராயபுரத்தில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு பொருள் உண்டு. ‘பையன் மரைன் படிக்கிறான்’ என்றால் சரக்குக் கப்பலில் இன்ஜினீயராகப் போகப்போகிறான். காசிமேட்டில் ‘மரைன் வர்றான்’ என்றால் தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துப் படகு. நான் நேவியில் இருந்தவன் என்பதால், உங்கள் செய்தியைப் பார்த்துவிட்டு டீக்கடையில் ‘அண்ணே, நீங்களும் மரைன்தானே?’ என்கிறார்கள். இல்லை. மரைன்கள் படுத்த கட்டில்களோடு மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவன், அவ்வளவுதான்.

ஐ.என்.எஸ். ஜலஷ்வாவைச் சொல்கிறேன். 1971-இல் ‘டிரென்டன்’ என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த கப்பல். 2007-இல் நாம் வாங்கினோம். நான் விசாகப்பட்டினத்தில் 2008-இல் அதில் ஏறினேன். கீழ்த்தளத்தில் அடுக்கடுக்காகத் துருப்புகளுக்கான கட்டில்கள். ஒரு கட்டில் கம்பியில் எவனோ ஒருவன் ஆணியால் தன் பெயரைக் கீறி வைத்திருந்தான். கப்பலின் பின்பாகம் ஒரு பெரிய தொட்டி. கரையில் ஆளை இறக்க வேண்டுமென்றால் கப்பலின் எடையைக் கூட்டிக் குறைக்கும் பலாஸ்ட் டேங்குகளில் கடல்நீரை ஏற்றுவோம். வால்பக்கம் மெல்லத் தாழும், பின்கதவு திறக்கும், தொட்டிக்குள் தண்ணீர் வரும். உள்ளே நிற்கும் இறங்கு படகுகள் மிதந்து, டாங்கியோடும் ஆளோடும் வெளியே போகும். முதல்முறை பார்த்தபோது கப்பல் முழுகுகிறது என்றே வயிற்றைக் கலக்கியது.

அந்தப் படகை ஓட்டியது நேவி. அதிலிருந்து குதித்துக் கரையேறியது நம் தரைப்படை. அமெரிக்காவில் அந்தக் குதிக்கிற வேலைக்கென்றே 1775 முதல் இருப்பதுதான் மரைன் படை. கடற்படைத் துறையின் கீழ்தான் இருக்கிறது, ஆனால் தனிப்படை. அதன் தலைமைத் தளபதி, கூட்டுப்படைத் தளபதிகள் குழுவில் கடற்படைத் தளபதிக்குச் சமமாக உட்காருகிறவர். பீரங்கி, ஹெலிகாப்டர், போர் விமானம் எல்லாம் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். டாக்டரும் பாதிரியாரும் மட்டும் சொந்தமாகக் கிடையாது, கடற்படைதான் அனுப்புகிறது! சண்டையில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவரும் கடற்படைக்காரர்தான்.

அடுக்கு முறையில் அவர்களுக்கு மூன்றுதான் ராசி. நான்கு பேர் ஒரு சிறு குழு, அப்படி மூன்று குழுவும் ஒரு தலைவரும் சேர்ந்து 13 பேர், அதில் மூன்று சேர்ந்தால் ஒரு பிளட்டூன் என்பது நெடுங்காலக் கணக்கு. கப்பலேறிப் போவது அந்த 2,200 பேர் கொண்ட அணி. ஒரு காலாட்படை பட்டாலியன், ஒரு விமானப் பிரிவு, ஒரு தளவாடப் பிரிவு, மேலே கட்டளைப் பிரிவு. நான்குக்கும் ஒரே கர்னல். 15 நாளைக்கான உணவு, எரிபொருள், குண்டு எல்லாம் கூடவே போகும். அதனால்தான் எங்காவது தகராறு என்றதும் முதலில் இவர்கள் பெயர் அடிபடுகிறது.

நம்மிடம் இப்படி ஒரு படை கிடையாது. 1987-இல் தொடங்கிய மார்கோஸுக்கு ‘மரைன் கமாண்டோ’ என்று பெயர் இருந்தாலும் அவர்கள் கடற்படைக்குள்ளேயே உள்ள சிறு அதிரடிப் படை. 2008-இல் மும்பை தாஜ் ஓட்டலுக்குள் புகுந்தவர்கள். கரையிறங்கும் வேலைக்குப் பழக்கப்பட்ட பிரிகேடுகள் தரைப்படையில் இருக்கின்றன. பழக்கம் என்பது இங்கே சாதாரணச் சொல் அல்ல. 1971 டிசம்பர் போரில், இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கரையில் தரைப்படையின் கூர்க்காக்களை இறக்கப் போனபோது கப்பல் மணல்திட்டில் தட்டி நின்றது. முன்னே தண்ணீர் ஆழம். சுமையோடு இறங்கியவர்களில் சிலர் மூழ்கிப் போனார்கள். மலையில் யாருக்கும் சளைக்காதவர்கள். ஜலஷ்வாவிலும் பார்த்திருக்கிறேன்: கரையில் புலியாக இருந்த ஜவான் இரண்டாம் நாள் பக்கெட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இஞ்சியும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றுவோம்.

ஆகவே ஐயா, ‘கரையிறங்கு படை’ என்று எழுதுங்கள். அல்லது ‘மரைன் படை’ என்றே விட்டுவிடுங்கள். ‘கடற்படை’ மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. அந்தச் செய்திக்குப் போட்டிருந்த படத்தில் இருப்பது நம் கடலோரக் காவல்படைக் கப்பல். வெள்ளை உடம்பு, சாய்ந்த பட்டைகள். கடற்படைக் கப்பல் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

– ஓய்வுபெற்ற கடற்படை வீரர் ஒருவர்,
ராயபுரம், சென்னை-13