பனியில் நடக்கும் பூச்சி

காரைக்குடி
ஜனவரி 6

அன்புள்ள சொக்கு,

உன் கடிதமும் பேரன் எடுத்த படங்களும் வந்தன. இங்கே எல்லோரும் நலம். பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்தபோது உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டோம்.

அமெரிக்காவில் உங்கள் மினசோட்டா மாநிலமே உறைந்து கிடக்க, ஒயிட்வாட்டர் ஆறு மட்டும் எப்படி ஓடுகிறது, பனிமேல் அந்தக் கறுப்புப் பூச்சி எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். அந்தப் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பாறை இடுக்கில் இறங்கிய மழைநீர் ஊற்றாக வெளியே வரும்போது, கோடையானாலும் குளிரானாலும் ஏறக்குறைய 9 டிகிரியில் இருக்கும். ஊற்றுக்குப் பக்கத்தில் ஆறு உறையாதது அதனால்தான். படத்தில் இருப்பது டயமீசா வகைபோலத் தெரிகிறது. கொசு மாதிரி இருந்தாலும் கடிக்காது. நம் ஊருணிச் சேற்றில் சிவப்பாக நெளியுமே ஒரு புழு, அதன் குடும்பம்தான். கடுங்குளிரில்தான் இதற்குச் சிறகு முளைக்கும். பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே போனாலும் உடல்நீர் உறையாது. ஆனால் உள்ளங்கைச் சூடு ஆகாது. கையில் எடுத்தால் சீக்கிரம் விட்டுவிடச் சொல் பேரனிடம்.

தண்ணீருக்குள்தான் விஷயமே இருக்கிறது. இலையுதிர் காலத்தில் விழுந்த சருகைப் பூஞ்சை பதமாக்கிவைக்க, ஸ்டோன்ஃபிளை என்ற பூச்சியின் புழுக்கள் குளிர் முழுக்க அதைக் கத்தரித்துத் தின்கின்றன. டிரவுட் மீன் அவற்றைத் தின்கிறது. குளிரில் மீன் சும்மா கிடக்கும் என்றுதான் நினைப்போம்; ஊற்று ஆற்றில் அது தின்று வளர்கிறது. அப்புறம், தண்ணீர் குளிரக் குளிர ஆக்சிஜன் அதிகம் கரையும். பூஜ்யத்தில் லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல். 30 டிகிரியில் ஏழரைதான். நம் சேற்றுப் புழு சிவந்திருப்பதும் இதனால்தான். கிடைக்கிற கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ள அதற்கு ஹீமோகுளோபின் உண்டு. ஸ்டோன்ஃபிளைக்கு அந்த வசதி இல்லை. அது இருக்கும் ஆற்றைச் சுத்தமானது என்று நம்பலாம்.

அந்த ஆற்றின் பழைய கதையைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. சரிவில் இருந்த மரங்களை வெட்டி, உழுது, மாடு மேய்த்ததில் மண் கரைந்து பள்ளத்தாக்கையே மூடியது. பீவர் என்ற ஊருக்குள் 1938இல் மட்டும் 28 முறை வெள்ளம் புகுந்ததாம். பிறகு ஊரே காலியாகிவிட்டது. சரிவு நிலங்களை வாங்கி மரம் நட்டுத்தான் ஆற்றை மீட்டார்கள். பிரவுன் டிரவுட் இலையுதிர் காலத்தில் சரளைக்குள் முட்டையிடும். குளிர் முழுக்க முட்டை அங்கேதான் கிடக்கும். மேலே வண்டல் படிந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். மேட்டில் நட்ட மரம்தான் மீனைக் காப்பாற்றியது, சொக்கு!

நம் ஊருணிக்குத் தூர் வாரி, படிக்கட்டைச் செப்பனிட்டு, சுற்றிக் கம்பிவேலியும் போட்டாயிற்று. ஆனால் ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் மேட்டில் மனை போட்டு, செம்மண்ணைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முதலில் வந்து சேர்ந்தது அந்த மண்தான். மார்கழி முடியப்போகிறது, தண்ணீர் இன்னும் தெளியவில்லை. தட்டான்களும் குறைந்துவிட்டன. தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்பது தட்டான் குஞ்சுதான் என்று சொன்னால், மருந்து அடித்துவிடலாமே என்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பொங்கல் கழிந்ததும் ஊர்க்கூட்டம். வரத்துக்காலை அளந்து எல்லைக் கல் நட வேண்டும் என்று கேட்கப் போகிறேன். பீவர் ஊரின் பழைய வெள்ளப் படங்கள் அங்கே நூலகத்தில் கிடைத்தால் பேரனை விட்டு எடுத்து அனுப்பச் சொல். இப்போதைய ஆற்றின் படத்தையும் சேர்த்துக் கூட்டத்தில் காட்டுகிறேன்.

ஆச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மெய்யப்பன்