பாரிஷ் ஹாலைத் திறந்து வையுங்கள்: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயரவர்களுக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

பாரிஷ் ஹாலை இரவு 8 மணிக்குப் பூட்ட வேண்டும் என்று அக்டோபரில் நீங்கள் எடுத்த தீர்மானத்தின் பின்னணி உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கரண்ட் பில், காவலுக்கு ஆள் இல்லாதது, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவது எல்லாம் கமிட்டியில் பேசியதுதான். அதையெல்லாம் திரும்பக் கிளறப் போவதில்லை. ஆனால் கடந்த வியாழக்கிழமை, நவம்பர் 13ஆம் தேதி ராத்திரி நடந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனசு வரவில்லை. நம் கோயில் பாடகர் குழுவான கொயரில் 22 வருஷமாகப் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடுகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அன்று கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுப் பயிற்சிக்கு எல்லோரும் வந்து சேரும்போது மணி ஏழேகால். ஜெபம் பண்ணி, ஆண்களின் கீழ்க்குரலான பேஸுக்கு ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுத்து முடிப்பதற்குள், கோயிலைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளை அண்ணன் சாவியோடு வந்து நின்றுவிட்டார். அவர் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்குச் சொன்னதை அவர் செய்கிறார். எங்கள் முகத்தைப் பார்க்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. வெளியே நல்ல மழை. 31 பேரும் கோயில் முன்வாசலில் ஒதுங்கினோம். அங்கே லைட்டும் இல்லை. ஆளுக்கொரு மொபைல் டார்ச்சை அடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தோம்.

என் கையில் இருந்தது எங்கள் கொயர் மாஸ்டர் இங்க் பேனாவில் எழுதிக் கொடுத்த சோல்ஃபா தாள், அதாவது சுரங்களை எழுத்தால் குறித்த தாள். சோல்ஃபா படித்தவர்களுக்குத் தெரியும், அதில் எழுத்து எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் பக்கத்தில் இருக்கும் புள்ளியும் கோடும். இரண்டு புள்ளி வந்தால் அடுத்த பீட். ஒற்றைப் புள்ளி வந்தால் அரை பீட். சின்னக் கோடு இருந்தால் முந்தின சுரத்தை விடாமல் இழுக்க வேண்டும். சாரல் அடித்து என் தாளில் மூன்றாவது வரி ஊறிவிட்டது. 'மீ' இருந்தது, அதை அடுத்திருந்த கோட்டைக் காணவில்லை. நான் ஒரு பீட் முந்தியே விட்டுவிட்டேன். என்னை நம்பி நின்ற இரண்டு ஆல்டோ பிள்ளைகளும் விட்டுவிட்டார்கள், ஆண்களின் மேல்குரலான டெனார் தடுமாறியது, பாட்டு நின்றுபோனது. மாஸ்டர் கையை இறக்கினார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாளை வாங்கித் தன் சட்டையில் ஒற்றிப் பார்த்தார். "நாளைக்கு வேற எழுதித் தாறேன்மா" என்றார். அவருக்கு 74 வயது. கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அந்த ஒரு தாளை எழுத அவருக்கு ஒரு பகல் முழுக்க வேண்டும்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. டிசம்பர் 21ஆம் தேதி கேரல் சர்வீஸ் வரைக்கும் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மாலை 7 மணி முதல் 9.30 வரை ஹாலைத் திறந்து வையுங்கள். வருகிற செவ்வாய் தொடங்கி எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 15 நாள்தான் வருகிறது.

மாலை ஐந்து மணிக்கே வந்து பாடிவிட்டுப் போகலாமே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். ஐயா, எங்கள் கொயரில் ஐந்து மணிக்கு ஓய்வாக இருப்பவர்கள் மாஸ்டரும், ரிட்டயர்ட் ஆன இரண்டு பேஸ் அண்ணன்மாரும்தான். ஒரு அக்கா ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் டூட்டி முடித்து யூனிஃபார்மோடு நேராக வருகிறார்கள். ஒரு தம்பி ஜவுளிக்கடையில் நிற்கிறான். முதலாளியிடம் கெஞ்சி வாரத்தில் மூன்று நாள் ஏழு மணிக்கு விடச் சொல்லியிருக்கிறான். டியூஷன் முடித்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டை முன்கூட்டியே செய்து மூடி வைத்துவிட்டு வருகிற பெண்கள் இருக்கிறோம். ஏழேகாலுக்கு வந்து எட்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டுமென்றால், ஜெபம் போக 40 நிமிஷம். 14 பாட்டு, நாலு குரல்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் யோசனை. ஒவ்வொரு குரலையும் பதிவு பண்ணி அனுப்பிவிட்டால் வீட்டிலேயே படித்துக்கொள்ளலாமே என்று நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பீர்கள். அது ஏன் ஆகாது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஜனங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் முணுமுணுக்கிற ராகம் பெண்களின் மேல்குரலான சொப்ரானோவுக்குத்தான் இருக்கும். ஆல்டோ மூன்று நாலு சுரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. கீழே பேஸும் டெனாரும் நின்று, மேலே சொப்ரானோ ஏறி, அவற்றுக்கு நடுவில் நம் சுரம் போய் உட்காரும்போதுதான் அது எதற்காக அங்கே இருக்கிறது என்றே புரியும். சுரத்தை ஃபோனில் படிக்கலாம். பக்கத்தில் நிற்பவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்பதை ஃபோனில் படிக்க முடியாது. நீளமான வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டு அந்த இடத்தில் அறுந்துவிடும். ஒருத்தர் எடுக்கும்போது இன்னொருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தோளோடு தோள் நின்று, வாரக்கணக்கில் பாடிப் பழக வேண்டும்.

இதே ஹால் பூட்டப்படாத ஒரு டிசம்பரையும் நான் பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் நம் கேரல் சர்வீஸ். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாள். தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது. சர்வீஸ் நடக்கவில்லை. தண்ணீர் புகுந்த வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக இந்த ஹாலுக்குத்தான் வந்தார்கள், இரவு பகலாகக் கதவு திறந்தே கிடந்தது. கரண்ட் இல்லை, மைக் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஒரு பாட்டி, பாய் மேல் உட்கார்ந்தபடியே, "நீங்க பாடுத பிள்ளைகதானே, ஒரு பாட்டு பாடுங்க" என்றார்கள். அன்று ஹாலில் இருந்தது எங்களில் ஒன்பது பேர்தான். கையில் தாளும் இல்லை. ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூன்று பாட்டு பாடினோம், நாலு குரலும் சரியாக வந்தது. இரண்டு மாதம் அந்த ஹாலில் நின்று பாடிப் பழகியிருந்ததால் வந்தது. அதற்கு மறு வாரம் ஆராதனையில் கமிட்டி சார்பாக எங்களுக்கு நன்றி சொன்னீர்கள். அந்த நன்றி எங்களுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆனால் போன வருஷம் நடந்ததையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேரல் சர்வீஸுக்குப் பெரிய எல்இடி திரை வந்தது. வெளியூர்ப் பாடகர் ஒருவர், பின்னணி இசை மட்டும் பதிந்த மைனஸ் ட்ராக் போட்டுப் பாடினார். நன்றாகவே பாடினார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் திரையை நிறுத்துவதற்காகக் கொயர் நிற்கிற இடத்தைக் காலி பண்ணச் சொன்னீர்கள். நாங்கள் பக்கத்தில் தூணுக்குப் பின்னால் நின்றோம். பாதிப் பேருக்கு மாஸ்டர் கையே தெரியவில்லை. கை தெரியாமல் எப்படிப் பாடுவது? அல்லேலூயா கோரஸ் படிக்கும்போதெல்லாம் மாஸ்டர் ஒன்று சொல்வார். அது இருக்கும் ஹாண்டலின் 'மெசாயா' என்ற பெரிய இசைப் படைப்பு 1742இல் டப்ளினில் முதல்முதலாகப் பாடப்பட்டபோது, கூடுதலாக ஆட்கள் உட்கார இடம் வேண்டும் என்பதற்காக, ஆண்கள் வாள் கட்டிக்கொண்டு வர வேண்டாம், பெண்கள் பாவாடைக்குள் வைக்கும் வளையம் இல்லாமல் வரவேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்களாம். அன்று கிடைத்த பணத்தில் ஒரு பங்கு, கடன் கட்ட முடியாமல் சிறையில் கிடந்தவர்களை விடுவிக்கப் போனது. ஜனங்களுக்காக மற்ற சாமான்களை ஒதுக்கி வைத்தார்கள். நம் கோயிலில் சாமானுக்காக ஜனங்களை ஒதுக்கினோம். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சோல்ஃபாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜான் கர்வன் என்ற இங்கிலாந்துப் போதகர், பியானோ வாங்க முடியாத சாதாரண ஜனங்களும் நாலு குரலில் பாட வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரப்பிய முறை அது. மிஷனரிகள் வழியாக நம் பக்கம் வந்தது. பெரிய வாத்தியம் இல்லாத கிராமச் சபைகளிலும் இதை வைத்துத்தான் பாடினார்கள். என் அப்பாவுக்கு, ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் ஒரு வரி தெரியாது. சோல்ஃபா தாளைக் கையில் கொடுத்தால் முன்னப்பின்னக் கேட்டிராத பாட்டைப் பார்த்த மாத்திரத்தில் பாடுவார்கள். இன்று நம் கொயரில் அப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆறு பேர். மீதிப் பேருக்குச் சொல்லிக்கொடுக்க மாஸ்டர் தயாராக இருக்கிறார். அவருக்கு ஒரு கரும்பலகையும் ஒரு மணி நேரமும் வெளிச்சமும் போதும். வாலிபப் பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லை என்று ஒவ்வொரு சேகரக் கூட்டத்திலும் வருத்தப்படுகிறோம். அவர்களில் 11 பேர் வாரத்துக்கு மூன்று நாள் தாங்களாகவே வந்து ஹால் வாசலில் நிற்கிறார்கள். அவர்களை எட்டு மணிக்கு மழையில் வெளியே அனுப்புகிறோம்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். எல்இடி திரையை வேண்டாம் என்று சொல்ல நான் யாரும் இல்லை. அது கமிட்டியின் முடிவு. நாங்கள் கேட்பது ஹால் மட்டும்தான்.

கரண்ட் செலவு பாரமாக இருந்தால் சொல்லுங்கள், எங்களுக்குள் பிரித்துக் கட்டிவிடுகிறோம். ஃபேன் கூட வேண்டாம், நாலு ட்யூப்லைட் போதும். கோயில்பிள்ளை அண்ணன் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பேஸ் அண்ணன்மாரில் ஒருவர் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கி, ஒன்பதரைக்குப் பூட்டி, கோயில்பிள்ளை அண்ணன் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். இந்த 15 நாளில் கல்யாணத்துக்கு ஹால் பேசியிருக்கும் நாள் ஏதாவது இருந்தால் அன்றைக்கு நாங்கள் வரவில்லை. முந்தின வாரமே சொல்லிவிட்டால் போதும், டூட்டி மாற்றிக்கொண்டு வருகிறவர்கள் வீணாக அலைய மாட்டார்கள்.

நவம்பர் 30 அட்வெந்து முதல் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் நாட்களின் தொடக்கம். அன்றைக்குள் பாதிப் பாட்டாவது நாலு குரலும் சேர்ந்து நிற்க வேண்டும். தயவுசெய்து ஹாலைத் திறந்து வையுங்கள். உங்கள் பதிலை மாஸ்டரிடம் சொன்னால் போதும், அவர் எங்களுக்குச் சொல்லிவிடுவார். செவ்வாய்க்கிழமை மாலை 7 மணிக்கு எல்லோரும் ஹால் வாசலுக்கு வந்துவிடுவோம். மாஸ்டர் அந்த ஆல்டோ தாளை மறுபடி எழுதி முடித்துவிட்டார்.

இப்படிக்கு,
தாழ்மையுடன்,
கொயரில் ஆல்டோ பாடும் சபைப் பிள்ளை